முதல் இருபது ஷாட் சரி, அப்புறம் ஃப்ரண்ட் சைட் கரைகிறது (ஏர் பிஸ்டல், வயது 52)

கோவை_பெல்லட்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வலது கை, வலது கண். போன வருடம் வரை கிளப்பில் 60 ஷாட்டுக்கு 550-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் 530-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது.

கை நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் தினமும் காலையில் ஒன்றரைக் கிலோ டம்பெல்லைக் கையை நீட்டிப் பிடித்து நின்றேன். தோள் பலமானது, ஸ்கோர் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சீரிஸ் வாரியாக, அதாவது பத்துப் பத்து ஷாட்டாக எழுதிப் பார்த்தேன்: 94, 93, 90, 86, 84, 83. மூன்று வாரமாக இதே மாதிரி இறக்கம்தான். கை பிரச்சினை என்றால் முதல் இருபதிலேயே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நேற்று நிதானமாகக் கவனித்தேன். 25-ஆவது ஷாட் வாக்கில் ஃப்ரண்ட் சைட்டின் (குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் கறுப்புத் துண்டு) மேல் விளிம்பு கரைய ஆரம்பிக்கிறது. டார்கெட்டின் கறுப்பு வட்டம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. கையை இறக்கி, கண்ணை மூடித் திறந்து, திரும்பத் தூக்கினால் ஒரு நொடி தெளிகிறது, மறுபடி கரைகிறது. தவறுகிற ஷாட் எல்லாம் மேலேயும் கீழேயுமாகப் போகின்றன, பக்கவாட்டில் அவ்வளவாக இல்லை.

தூரப் பார்வைக்கு வலது கண்ணில் -1.25, சிலிண்டர் (விழியின் வளைவுக் கோணலைத் திருத்தும் பவர்) -0.50. தினசரிக்கு ப்ரோக்ரசிவ் (தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில்). அதைப் போட்டுச் சுட்டால் ஃப்ரண்ட் சைட் தெரிவதற்கு முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது, அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. அதனால் பழைய தூரக் கண்ணாடியில்தான் சுடுகிறேன். கண்ணாடிக் கடையில் கேட்டால், “வெள்ளெழுத்து சார், இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான்” என்றார்கள். வரும் என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சுடுவது?

வேலூர்_ஜூனியர்

சார், டார்கெட் பளிச்சென்று தெரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் டார்கெட்டையே பார்த்துச் சுட்டால் என்ன? பாரிஸ் 2024-இல் துருக்கியின் யூசுஃப் டிகெச் 51 வயதில் சாதாரணக் கண்ணாடியோடு வந்து, இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே வெள்ளி வாங்கினாரே. நம் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் வெண்கலம் வாங்கிய அதே கலப்பு அணிப் போட்டிதான். ஸ்பெஷல் கண்ணாடி எதுவும் வேண்டாம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

பழைய_ரேஞ்ச்

தம்பி, அந்தப் படத்தைப் பார்த்து நிறையப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர் போட்டிருந்தது அவர் கண்ணுக்கான கண்ணாடி, அதற்குள் என்ன பவர் என்பது படத்தில் தெரியாது. பெய்ஜிங் 2008-இலிருந்து ஐந்து ஒலிம்பிக் சுட்டவர் அவர். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அமைதியை.

டார்கெட்டைப் பார்த்துச் சுடலாமா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும், ஒருமுறை பொறுமையாகப் படி. ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் (கண் பக்கம் இருக்கும், நடுவில் பள்ளம் வெட்டிய தகடு) இடையே சுமார் 33 செ.மீ. இருக்கிறது என்று வை. டார்கெட் 10 மீட்டரில். ரியர் சைட் பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் ஒரு கால் மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தால், அந்தப் பிழை டார்கெட்டில் முப்பது மடங்காகும். அதாவது ஏழரை மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 8 மி.மீ.தான். நட்ட நடுவில் பிடித்திருந்தாலும் பத்து கைநழுவும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இப்போது மற்றொரு பிழையைப் பார். சைட் இரண்டும் சரியாக ஒரே கோட்டில் இருக்கிறது, கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. கீழே இறங்கிவிட்டது. குண்டும் 5 மி.மீ. மட்டுமே இறங்கும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ., கோட்டைத் தொட்டாலே பத்து. அது இன்னும் பத்துதான்!

கை அசைவை டார்கெட் மன்னிக்கும், சைட் விலகலை மன்னிக்காது. அதனால்தான் வயது எதுவானாலும் கூர்மையாகத் தெரிய வேண்டியது ஃப்ரண்ட் சைட். கறுப்பு வட்டம் மங்கலாக, சாம்பல் நிற உருண்டையாகத் தெரிந்தால் போதும்.

கோவைத் தம்பி, உங்கள் ஷாட் மேலும் கீழும் சிதறுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட்டின் இருபுறமும் வெள்ளைக் கீற்று இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேல் விளிம்புக்கு அந்த விளிம்பைத் தவிர வேறு துணை கிடையாது. அது கரைந்தால் உயரம் வெறும் யூகம்தான். எனக்கு 67 வயது. 50-இல் நானும் இதே இடத்தில் நின்றேன், நானும் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

கண்_அளவு

நான் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பரிசோதிப்பவர்), மகன் கிளப்பில் சுடுகிறான். உங்கள் சீரிஸ் ஸ்கோரைப் பார்த்ததும் எழுத வேண்டும் போலிருந்தது. அந்த இறக்கம் ஒரு கண் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரியே இருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் வளைந்து கொடுக்கும். பக்கத்தில் பார்க்கும்போது குண்டாகும், தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும். வயதாக ஆக அது இறுகிவிடுகிறது. பத்து வயதில் பன்னிரண்டு டயாப்டருக்கு (லென்ஸ் பவரின் அளவு) மேல் இழுக்கிற கண், ஐம்பதைத் தாண்டும்போது இரண்டு டயாப்டர் அளவுக்கு வந்து நிற்கும். உங்கள் ஃப்ரண்ட் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கும். அதைத் தூரக் கண்ணாடியோடு தெளிவாகப் பார்க்க ஒரு டயாப்டர் இழுக்க வேண்டும். இருக்கிற சக்தியில் பாதி! முதல் இருபது ஷாட்டுக்குக் கண் அதைச் செய்து கொடுக்கிறது. அப்புறம் தளர்ந்து, சும்மா இருக்கும் நிலைக்குப் போய்விடுகிறது. சும்மா இருக்கும் நிலையில் தெரிவது தூரம், அதாவது டார்கெட். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

ரீடிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் நினைப்பார்கள். அது 40 செ.மீ.க்குப் போடுவது. பிஸ்டலில் அதைப் போட்டால் ஃப்ரண்ட் சைட்டும் மங்கும், டார்கெட் காணாமலே போகும். உங்களுக்கு வேண்டியது தூரப் பவருக்கு மேல் ஒரு சின்ன ப்ளஸ். ஃப்ரண்ட் சைட் ஒரு டயாப்டரில், டார்கெட் 0.1 டயாப்டரில். இரண்டுக்கும் நடுவே சுமார் 0.55. ஆகவே +0.50 சேர்த்துத் தொடங்கலாம். அதில் கண் சும்மா இருக்கும்போதே 2 மீட்டரில் நிற்கும், ஃப்ரண்ட் சைட்டுக்கு வர இன்னும் அரை டயாப்டர் இழுத்தால் போதும். +0.75 சேர்த்தால் 1.3 மீட்டரில் நிற்கும். உங்கள் -1.25 இப்போது -0.75 அல்லது -0.50 ஆகும். சிலிண்டரை அப்படியே வைத்திருங்கள், அதைக் கழற்றிவிட்டால் விளிம்பு கூர்மையாகவே வராது.

+1.00 போட்டால் ஃப்ரண்ட் சைட் ரொம்ப அழகாகத் தெரியும். கடை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் கறுப்பு வட்டம் அளவுக்கு மீறிப் பரவிவிடும். ரேஞ்சில் நின்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ப்ரோக்ரசிவ் இதற்கு வேண்டவே வேண்டாம். ஒரு மீட்டருக்கான பவர் அதில் நடுப்பட்டையில் குறுகலாக இருக்கிறது, அதைத் தேடித்தான் முகவாய் மேலே போகிறது. ஒற்றைப் பவர் லென்ஸ்தான்.

நெல்லை_சீனியர்

எனக்கு -0.75. கண்ணாடி இல்லாமல்தான் சுடுகிறேன், 58 வயதிலும் ஃப்ரண்ட் சைட் கத்தி மாதிரி தெரிகிறது. ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. போன வருடம் மகள் சொன்னாள் என்று தூரக் கண்ணாடி போட்டுச் சுட்டுப் பார்த்தேன், எல்லாம் கெட்டுப் போனது.

கண்_அளவு

ஆமாம் சார், உங்கள் கண்ணே 1.3 மீட்டரில் நிற்கிறது. சிலிண்டர் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வண்டி ஓட்ட மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கோவை_பெல்லட்

மேடம், மிக்க நன்றி. இரண்டு மாதம் டம்பெல் தூக்கியதற்குப் பதில் இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். ஒரு சந்தேகம். பிஸ்டலைக் கடைக்கு எடுத்துப் போக முடியாது. எப்படிச் சோதிப்பது?

பழைய_ரேஞ்ச்

பிஸ்டலைக் கடைக்குக் கொண்டு போகவே கூடாது, பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ரேஞ்சில் குண்டு போடாமல் நிலையில் நின்று, கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை நண்பரை நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 97 செ.மீ. வந்தது. அப்புறம் ஒரு தென்னங்குச்சியின் நுனியில் கறுப்பு சார்ட் அட்டையை நாலரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி ஒட்டிக்கொண்டேன். கடையில் லென்ஸ் மாற்றிப் பார்க்கும் டிரையல் ஃபிரேம் மாட்டியதும் நூல் அளவுக்கு அந்தக் குச்சியை நீட்டிப் பிடித்து, எதிர்ச் சுவரில் ஒரு கறுப்பு வட்டத்தை ஒட்டிப் பார்த்தேன். லென்ஸைக் கால் டயாப்டர் வீதம் மாற்றச் சொல்லி, மேல் விளிம்பு எதில் கறுக்கென்று நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டேன்.

முடிந்தால் அந்தப் பவரிலும், அதற்குக் கால் கூட்டியும் கால் குறைத்தும் லென்ஸ்களை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்து ரேஞ்சில் 40 ஷாட் சுட்டுப் பாருங்கள். பத்து ஷாட்டில் தெரியாது. உங்கள் பிரச்சினையே 25-க்கு மேல்தான் வருகிறது.

குமரி_கடற்கரை

நாப்ளாக், சாம்பியன் மாதிரி ஷூட்டிங் கண்ணாடி வாங்கித்தான் ஆகவேண்டுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பழைய_ரேஞ்ச்

அவசியம் இல்லை. அதன் நன்மை ஒன்றுதான்: லென்ஸைத் திருப்பி, பார்வைக் கோட்டுக்கு நேராக நிறுத்தலாம். பிஸ்டல் பிடிக்கும்போது தலை முழுக்கத் திரும்பாது, பார்வை சாதாரணக் கண்ணாடியின் நடுவில் போகாமல் ஓரமாகப் போகும். பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அந்த ஓரம் உருவத்தைக் கெடுக்கும். -1, -1.5 என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய ஃபிரேமில் ஒற்றைப் பவர் லென்ஸ் போட்டு, நிலையில் நின்று, பார்வை எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்று மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். லென்ஸின் மையத்தை அங்கே வைக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் செய்து தருவார். நான் நான்கு வருடம் அப்படித்தான் சுட்டேன்.

இன்னொன்று. லென்ஸ் எதுவாக இருந்தாலும் முகத்தில்தான் இருக்க வேண்டும். பிஸ்டலில் ஒட்டுவதற்கு ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதியில் இடமில்லை.

ஓய்வு_எஸ்ஐ

இதற்கெல்லாம் ரெட் டாட் (சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) போட்டுவிட்டால் வேலை முடிந்ததே. நான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், கண் போனபிறகு அதைத்தான் யோசிக்கிறேன்.

பழைய_ரேஞ்ச்

ஐயா, போட்டிக்கு முடியாது. ஐஎஸ்எஸ்எஃப் பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டும்தான். சொந்தப் பயிற்சிக்கு என்றால் நல்ல வழி. அதில் புள்ளியும் டார்கெட்டும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் தெரியும், தூரக் கண்ணாடி மட்டும் போதும்.

கண்_அளவு

ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் பவர் திருத்தப்படாமல் இருந்தால் அந்தப் புள்ளி வால் முளைத்த மாதிரியோ, சிதறிய நட்சத்திரம் மாதிரியோ தெரியும். சாதனம் பழுது என்று நினைத்து மாற்றுவார்கள். செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் பாருங்கள். கேமராவில் புள்ளி உருண்டையாக இருந்தால் பார்க்க வேண்டியது உங்கள் கண்ணைத்தான்.

மதுரை_25மீட்டர்

நான் கொஞ்சம் வேறு கட்டத்தில் இருக்கிறேன். வயது 61. குறி பார்க்கிற வலது கண்ணில் கண்புரை, இரண்டு மாதத்தில் ஆபரேஷன். ஒருவர் மல்ட்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்கிறார். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நினோ சலுக்வாட்ஸே 1988 சியோலில் 19 வயதில் தங்கம் வாங்கி, 2024 பாரிஸில் 55 வயதில் பத்தாவது ஒலிம்பிக்கில் நின்றதைப் பார்த்த பிறகு விட மனமில்லை.

கண்_அளவு

அக்கா, விடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம், “நான் பிஸ்டல் சுடுகிறேன், இந்தக் கண்ணால் ஒரு மீட்டரில் இருக்கும் ஒரு கறுப்பு விளிம்பைக் கூர்மையாகப் பார்க்க வேண்டும்” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

மல்ட்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பங்கு போடுகிறது. படிக்கவும் டிவி பார்க்கவும் சௌகரியம். ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறையும், விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு விளிம்பு பார்ப்பதுதான் உங்கள் விளையாட்டே, அதனால் நான் மோனோஃபோகல் (ஒரே தூரத்துக்கான லென்ஸ்) பக்கம்தான் நிற்பேன். அதைத் தூரத்துக்கு வைத்துவிட்டு, சுடும்போது +0.75 போல ஒரு கண்ணாடி போடலாம். அல்லது அந்தக் கண்ணை மட்டும் அரையிலிருந்து முக்கால் மைனஸில் நிறுத்தச் சொல்லலாம், நெல்லை சாருக்கு இயற்கையாக அமைந்தது போல. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை விழித்திரையைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புரை எடுத்தபின் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அது பெரிய லாபம்.

மதுரை_25மீட்டர்

இதை அப்படியே காகிதத்தில் எழுதி எடுத்துப் போகிறேன். நன்றிம்மா.

தஞ்சை_இரவு

வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் கிளப்பில் சாயந்திரம் இரண்டு விளக்கு எரியாவிட்டால் எனக்கு நான்கு பாயிண்ட் போய்விடுகிறது. பக்கத்து லேனில் இருக்கும் பையனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கண்_அளவு

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. கண் பாப்பா (கருவிழி நடுவில் இருக்கும் துளை) சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. பையனுக்குப் போதுமான விளக்கு உங்களுக்குப் போதாது. டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் என்பது போட்டி விதி. கிளப்பில் கேளுங்கள், அது சலுகை இல்லை.

இதனால்தான் ஐரிஸையும் (கண்ணாடியில் மாட்டும் துவாரத் தகடு) அளவோடு பயன்படுத்தச் சொல்வேன். கண்ணாடியின் முன்னால் சின்ன துவாரம் வைத்தால் ஃப்ரண்ட் சைட்டும் டார்கெட்டும் சேர்ந்து தெளியும். பாப்பா 3 மி.மீ., துவாரம் ஒன்றரை மி.மீ. என்றால் மங்கல் பாதியாகும், ஆனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். நல்ல வெளிச்சத்தில் வரம், மங்கிய ரேஞ்சில் தொல்லை.

பழைய_ரேஞ்ச்

மூடும் கண்ணுக்கும் இதே கணக்குதான். கறுப்புத் தகடு மாட்டாதீர்கள். ஒரு கண் இருட்டானால் இரண்டு பாப்பாவும் விரியும், குறி பார்க்கும் கண் மங்கும். தயிர் டப்பாவின் வெள்ளை மூடியை 30 மி.மீ. அகலத்துக்கு வெட்டி மாட்டினால் போதும். விதியும் அந்த அகலத்தை அனுமதிக்கிறது. கண்ணை இறுக்கி மூடுவது வேண்டாம், முகம் முழுக்கச் சோர்ந்துவிடும்.

சைட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளைக் கீற்று இரண்டும் மெலிதாக இருந்தால் வயதான கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும், ரியர் சைட் பள்ளத்தை ஒரு சுற்று அகலப்படுத்துங்கள். கறுப்பு வட்டத்தை ஒட்டிப் பிடிக்காமல் கீழே வெள்ளையில் இறக்கிப் பிடியுங்கள். மங்கலான வட்டத்தின் அடியை ஃப்ரண்ட் சைட் தொடுகிறதா இல்லையா என்று தேடுவதிலேயே கண் டார்கெட்டுக்கு ஓடிப்போகும்.

ஃப்ரண்ட் சைட் தேய்ந்து பளபளத்தால் நான் இன்னும் பழைய வழிதான். திருகைக் கழற்றி சைட்டைத் தனியே எடுத்து, குறட்டில் பிடித்து, ஒரு கற்பூரத்தின் புகையில் இரண்டு நொடி காட்டுவேன். கண்மை மாதிரி கறுப்பு படியும், துளி மினுக்கம் இருக்காது. பிஸ்டலோடு சேர்த்து ஒருபோதும் காட்டாதீர்கள், அதன் காற்றுச் சிலிண்டரில் அழுத்தக் காற்று இருக்கிறது. பூசிய பிறகு விரல் படாமல் மாட்ட வேண்டும்.

சேலம்_ஷாட்

என் அனுபவம் ஒன்று. புதுக் கண்ணாடி செய்து பத்து நாளில் ஃப்ரண்ட் சைட் மறுபடி மங்கியது. கடைக்காரர் தப்பாக அளந்துவிட்டார் என்று சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் பார்த்தால், அளந்த அன்று என் சர்க்கரை 300-க்கு மேல். மாத்திரை மாற்றிக் கட்டுக்குள் வந்ததும் பவரே மாறிவிட்டது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சர்க்கரை இருப்பவர்கள் அது சில வாரம் நிலையாக நின்ற பிறகு அளந்துகொள்ளுங்கள்.

கண்_அளவு

ரொம்ப முக்கியமான விஷயம், எழுதியதற்கு நன்றி. இதோடு ஒன்று: ஃப்ரண்ட் சைட்டின் நேர் விளிம்பு வளைந்து தெரிந்தாலோ, திடீரென்று புள்ளிகள் பறந்தாலோ, மின்னல் வெட்டினாலோ அது வெள்ளெழுத்து இல்லை. கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

கோவை_பெல்லட்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நூல் பிடித்து அளந்ததில் 94 செ.மீ. கடையில் ஒரு இளைஞர், என் தென்னங்குச்சியைப் பார்த்து முதலில் புரியாமல் நின்றார், விஷயம் சொன்னதும் அவரே ஆர்வமாகி முக்கால் மணி நேரம் கூட இருந்தார். நாற்காலியில் +1.00 தான் அருமையாக இருந்தது. இரவல் வாங்கி ரேஞ்சில் போட்டதும் கறுப்பு வட்டம் ஊதிய பலூன் மாதிரி ஆகிவிட்டது. +0.50-இல் முப்பது ஷாட் வரை தாக்குப் பிடித்தது. +0.75-இல் கடைசி வரை விளிம்பு நின்றது. பழைய ஃபிரேமில் -0.50, சிலிண்டரோடு, மார்க்கர் புள்ளியில் மையம் வைத்துச் செய்துகொண்டேன்.

முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. டார்கெட் மங்கலாகத் தெரிவதை மனம் ஏற்கவில்லை, ட்ரிகர் இழுக்கும் நொடியில் கண் அங்கே ஓடியது. பழைய ரேஞ்ச் ஐயா போனில் சொன்னபடி தினமும் இருபது நிமிடம் வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் (குண்டில்லாமல் ட்ரிகர் இழுப்பது) மட்டும் செய்தேன். சுவரில் பார்க்க எதுவும் இல்லாததால் கண் ஃப்ரண்ட் சைட்டிலேயே தங்கப் பழகியது. தூக்கி எட்டு நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுகிறேன்.

நேற்றுச் சீரிஸ்: 92, 93, 91, 92, 90, 91. மொத்தம் 549. முதல் சீரிஸில் பழையபடி 94 வரவில்லை. ஆனால் ஆறாவதில் 91! அந்தக் கார்டை மனைவியிடம் காட்டினேன்.

வேலூர்_ஜூனியர்

சார், வாழ்த்துகள். அப்பாவுக்கும் இதே பிரச்சினை, நாளைக்கு நானே நூல் பிடிக்கப் போகிறேன். நெற்றியிலிருந்து அளக்க வேண்டுமா?

பழைய_ரேஞ்ச்

நெற்றியிலிருந்து வேண்டாம் தம்பி. கண்ணின் வெளி ஓரத்தில், இமை சேருகிற இடத்துக்கு நேராக நூலைப் பிடி. அப்பா முதலில் நிலையில் நின்று கையைத் தூக்கி நிலைக்கட்டும், அதற்குப் பிறகு அளந்துகொள். பிஸ்டலில் குண்டு இல்லை என்பதை நீயும் ஒருமுறை பார்த்துவிடு.